காலை 9.40க்குப் போன அழைப்பு: வடமராட்சிக் கடலில் ஒரு மீட்பு

இந்த நிகழ்வு நடந்தபோது நான் அந்தக் கிராமத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன். நேரங்களை என் போனில் இருந்த அழைப்புப் பதிவிலிருந்தும், கடலுக்குப் போன படகுகளின் ஜிபிஎஸ் கருவிகளிலிருந்தும் எடுத்தேன். இதில் ஒருவர் இறந்திருக்கிறார். அவருடைய தாயிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். மற்றச் சங்கங்களும் இதை வாசித்துப் பயன்பட வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பமும்.

ஊரும் கடலும்

பருத்தித்துறை வெளிச்சவீட்டின் ஒளி தெரிகிற தூரத்தில், யாழ்ப்பாணத்து வடமராட்சியின் வடக்குக் கரையில் இருக்கிறது ஊர். நாற்பது சொச்சம் பைபர் படகுகள். எல்லாம் ஒருநாள் தொழில்: பின்னேரம் இறங்கி, வலை படுத்து, விடியமுன் திரும்புவார்கள். முன்னால் பாக்கு நீரிணை. அதற்குள் 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்து வரைந்த எல்லைக்கோடு.

மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். நீரோட்டமும் மேற்குப் பக்கமாக இழுக்கும். என்ஜின் நின்றுபோன படகு அந்த மாதத்தில் கரையோரமாகவே காங்கேசன்துறை, மாதகல், காரைநகர் என்று நகர்ந்து தீவுப்பக்கம் போய்விடும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் நிலைமை தலைகீழ். அப்போது வங்கக்கடல் இழுத்துக்கொண்டு போய்விடும். இது எங்கள் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அன்று காலை அது எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்க் காலத்தில் கடலில் இறங்கப் பாஸ் வேண்டும். எந்த நேரம் இறங்கலாம், எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை குதிரைவலு என்ஜின் பூட்டலாம் என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. பல காலம் கடல் முழுதாக மூடியே கிடந்தது. போர் முடிந்து எட்டு வருடம் கழித்து, 2017 யூலையில்தான் மயிலிட்டித் துறைமுகம் சனங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. இப்படி வளர்ந்த ஊரில், சீருடைக்காரருக்கு நாமாகவே போன் எடுக்கிற பழக்கம் இல்லை. இதை யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை. அன்றைய தாமதம் எங்கிருந்து வந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

மீட்பாளர்

இலங்கைக் கடலோரக் காவற்படை 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதில் பலர் கடற்படையிலிருந்து வந்தவர்கள். அன்று மீட்பை நடத்தியவரும் அப்படித்தான். தெற்குக் கரையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, சிங்களவர். பத்தொன்பது வயதில் கடற்படையில் சேர்ந்து, டோறா என்ற வேகத் தாக்குதல் படகுகளில் இந்த வடகடலிலேயே பல வருடம் இருந்தவர். போரில் காட்டிய வீரத்துக்காகக் கொடுக்கிற ரண சூர பதக்கம் பெற்றவர். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று திருகோணமலையில் கடமையில் இருந்திருக்கிறார். அன்று முழுக்கத் தண்ணீரிலிருந்து ஆட்களைத் தூக்கியதாகவும், மூன்று நாள் கழித்துத்தான் தன் அக்கா ஊரில் கடலோடு போன செய்தி வந்ததாகவும் ஒருமுறை சொன்னார். அதன்பின் மீட்பு வேலைக்கே கேட்டுக்கேட்டு, கடைசியில் கடலோரக் காவற்படைக்கு வந்து சேர்ந்தார். தமிழ் திருகோணமலையில் பழகியது. இலக்கணம் தடுமாறும், விளங்கும்.

இந்த நிகழ்வுக்கு எட்டு மாதம் முன்பு, உயிர்காப்பு அங்கி போடுவது எப்படி என்று காட்ட எங்கள் பங்கு மண்டபத்துக்கு வந்தார். ஐந்து பேர்தான் போனார்கள். அதில் ஒருவர், போர்க் காலத்தில் கடலில் கணவனைப் பறிகொடுத்த ஓர் அம்மா. அவர் நேரடியாகவே கேட்டார்: “நீங்கள் அந்த நேரம் இந்தக் கடலிலையோ நிண்டனீங்கள்?”

“ஓம் அம்மா. இந்தக் கடலில்தான் நின்றேன்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. விளக்கம் சொல்லவும் பார்க்கவில்லை, கண்ணை எடுக்கவுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவே, “சரி, அதைக் காட்டுங்கோ” என்று அங்கியை வாங்கிப் போட்டுப் பார்த்தார். போகும்போது மீட்பாளர் மண்டபச் சுவரில் சோக்கால் தன் நம்பரை எழுதிவிட்டுப் போனார். நான் அதைப் போனில் பதிந்துவைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

இரவு

நத்தாருக்கு ஒன்பது நாள். காற்றால் ஐந்து நாள் தொழில் இல்லை. மீனவருக்கான வானிலை அறிவித்தலில் இரவு காற்றுப் பலக்கும் என்று இருந்தது. இருந்தும் ஆறு படகுகள் இறங்கின. கடைக்கடனும் பிள்ளைகளின் நத்தார் உடுப்பும் மனதில் இருக்கும்போது அறிவித்தல் சின்னதாகத்தான் கேட்கும்.

ஒரு படகில் மூன்று பேர்: சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்), வயது 54, அவருடைய மருமகன், 26, கூலிக்குப் போன பையன், 19. உயிர்காப்பு அங்கிகள் மூன்றும் வீட்டுக் கோடிக்குள் இருந்தன. படகில் இடத்தை அடைக்கும், வலை இழுக்கும்போது கொளுவும் என்பது எல்லாரும் சொல்கிற காரணம்.

இரவு 11.30க்குப் பக்கத்துப் படகு, காற்றைப் பார்த்துவிட்டுக் கரைக்குத் திரும்பும்போது இவர்களைத் தாண்டி வந்தது. அந்த இடம் அதன் ஜிபிஎஸ் கருவியில் பதிவாகியிருந்தது. 12.20க்குச் சம்மாட்டி மனைவிக்குப் போன் எடுத்து, வலையை இழுக்கத் தொடங்கிவிட்டோம் என்றிருக்கிறார். தப்பியவர்கள் பிறகு சொன்னபடி, ஒரு மணிக்குச் சற்று முன் வலை என்ஜின் விசிறியில் சுற்றி என்ஜின் நின்றது. படகு பின்பக்கத்தை அலைக்குக் காட்டியது. இரண்டாவது அலையில் தண்ணீர் ஏறி, மூன்றாவதில் கவிழ்ந்தது. வலை அறுந்து மிதந்து போனது. மூவரும் கவிழ்ந்த படகின் முதுகில் ஏறிப் படுத்தார்கள். பைபர் படகின் அடிப்பக்கம் வழவழப்பு. பிடிக்க ஒன்றும் இல்லை. ஒவ்வோர் அலைக்கும் சறுக்கி விழுந்து திரும்ப ஏறியிருக்கிறார்கள்.

நாலு மணியளவில் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மருமகன் நல்ல நீச்சல்காரன். வெறும் மண்ணெண்ணெய்க் கானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆளைக் கூட்டிவருகிறேன் என்று அதை நோக்கி நீந்திப் போனான். மாமன் மறித்தார், கேட்கவில்லை. தன்னைக் காப்பாற்ற அவன் போகவில்லை. மாமன் இனி அதிக நேரம் தாங்கமாட்டார் என்றுதான் போனான் என்று அந்தப் பையன் சொன்னான்.

காலை: தவறிய மூன்று மணித்தியாலம்

ஆறரைக்கும் படகு வரவில்லை. ஐந்து படகுகள் தேடப் போயின. எல்லாம் நேராக வடக்கே, வழமையாக வலை படுக்கிற இடத்துக்கு. ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும்போது அதில் இரண்டு படகுகள் காற்றில் மேற்கே ஒதுங்கின. அங்கே 8.30க்கு அறுந்த வலை மிதப்பதைக் கண்டு, தூக்கி ஏற்றிக்கொண்டு வந்து வாடிக்கு முன்னால் மணலில் போட்டார்கள். பெண்கள் அதைச் சுற்றியிருந்து அழுதார்கள். நான் அந்த வலையை இரண்டு தரம் கடந்து போனேன். அது எங்கே கிடந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஏழு மணிக்கே நான் போனைக் கையில் எடுத்திருந்தேன். சம்மாட்டியின் தம்பி மறித்தார். படகின் அனுமதிப்பத்திரம் இரண்டு மாதமாகப் புதுப்பிக்கப்படவில்லை. “இப்ப அவங்களுக்குச் சொன்னா நாளைக்குப் படகையும் எடுத்துப் போட்டுடுவாங்கள் மாஸ்டர்” என்றார். இன்னொருவர், எல்லை தாண்டிப் போய்விட்டார்கள் என்று வழக்கு வரும் என்றார். நானும் சரி, கொஞ்சம் பார்ப்போம் என்று விட்டேன். அவர்கள் மறித்தது பயத்தில். நான் செயலாளர். அந்த முடிவு என்னுடையது.

9.40க்கு, தேடப்போன கடைசிப் படகும் வெறுமையாக வந்தபிறகு, சுவரில் எழுதியிருந்த அந்த நம்பருக்கு எடுத்தேன்.

அவர் கேட்டவை

எத்தனை பேர், படகு என்ன நிறம், கடைசியாகப் பேசியது எப்போது, அங்கி இருக்கிறதா, ஐஸ் பெட்டியோ கானோ மிதக்கக்கூடியதாக இருந்ததா. இவ்வளவும் ஒரு நிமிடத்தில் கேட்டார். அனுமதிப்பத்திரம் பற்றிக் கேட்கவே இல்லை. பிறகு, “என்ன கிடைச்சது கடலில்?” என்றார்.

நான், ஒன்றும் கிடைக்கவில்லை, வலை மட்டும்தான் என்றேன்.

“வலை எங்கே? எத்தனை மணி?”

அப்போதுதான் அந்த வலையை நான் வலையாகப் பார்த்தேன். படகுக்காரரை ஓடிப்போய்க் கூட்டிவந்து, கருவியில் இருந்த இடத்தை வாசித்துக் காட்டினேன். முந்திய இரவு 11.30க்குப் பக்கத்துப் படகு கண்ட இடத்தையும் சொன்னேன். பிறகு அவர், “அங்கே எல்லாரிலும் வயதான தொழிலாளி யார்? அவரிடம் போனைக் குடுங்க” என்றார்.

எழுபத்தொரு வயதுப் பெரியவர். ஸ்பீக்கரில் போட்டேன். “தம்பி, வடக்கை போகாதேங்கோ. நேத்துப் பின்னேரம் தொடக்கம் நீர் மேற்கை இழுக்குது. கவிண்டிருந்தா இப்ப காங்கேசன்துறை தாண்டிக் கிடக்கும்” என்றார்.

“நன்றி ஐயா. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நீங்க சொன்னதால போறேன்” என்றார் அவர்.

முடிவுகளும் காரணங்களும்

மீட்பாளர் தன் கணக்கைப் பிறகு கொப்பியில் வரைந்து காட்டினார். அதை முழுதாக எழுதுகிறேன். எந்தச் சங்கத்துக்கும் இது உதவும்.

தண்ணீருக்குள் தொங்குகிற வலையைக் காற்று பிடிக்காது, நீரோட்டம்தான் இழுக்கும். ஆகவே வலை போன தூரம் நீர் போன தூரம். 11.30இலிருந்து 8.30 வரை ஒன்பது மணித்தியாலம். தூரம் ஒன்பது கடல்மைலுக்குச் சற்றுக் குறைவு, மேற்கு-தென்மேற்காக. அப்படியானால் நீரோட்டம் மணிக்கு ஏறத்தாழ ஒரு கடல்மைல், அதாவது 1.85 கிலோமீற்றர். கவிழ்ந்த படகின் முதுகு நீருக்கு மேலே கொஞ்சம் நிற்கும். அதில் காற்றும் தள்ளும், எனவே வலையை விட அது முன்னால் போயிருக்கும். ஆள் மட்டும் தண்ணீரில் இருந்தால் பெரும்பாலும் வலையின் வேகத்தில்தான் போவார். ஆகத் தேட வேண்டிய இடம் ஒரே கோட்டில் இரண்டு துண்டு: முன்துண்டில் படகு, பின்துண்டில் ஆள்.

வேகமான தன் படகை முன்துண்டுக்கு வைத்துக்கொண்டார். எங்கள் ஐந்து படகுகளையும் பின்துண்டுக்கு அனுப்பினார். ஒரு படகிலிருந்து அடுத்த படகில் இருப்பவரின் முகம் தெரிகிற இடைவெளியில் வரிசையாகப் போகச் சொன்னார். எங்கள் வழக்கம் ஆளுக்கொரு திசையில் போவது. அப்படிப் போனால் ஒரே இடத்தை மூன்று பேர் பார்த்து, பக்கத்து இடத்தை ஒருவருமே பார்க்காமல் விட நேரும்.

கொழும்பில் உள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்துக்கும் அறிவித்தார். நீர் இழுக்கிற திசை எல்லைக்கோட்டின் பக்கம் திரும்பினால் சென்னையில் உள்ள இந்திய நிலையமும் அறிந்திருக்க வேண்டும் என்பது காரணம்.

பிறகு எங்கள் இறங்குதுறைக்கு வந்து ஓர் ஊர்க்காரரை ஏற்றினார். இதற்கு இருபது நிமிடம் செலவானது. தமிழில் கூப்பிடவும் இந்தக் கடலை வாசிக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்றார். சம்மாட்டியின் தம்பி முழங்கால் தண்ணீரில் வந்து நின்று தன்னை ஏற்றச் சொன்னார். அவர் ஏற்றவில்லை, பெரியவரின் மகனை ஏற்றினார். அன்று அது எனக்குக் கொடுமையாகப் பட்டது. உறவுக்காரர் தம் ஆளைக் கண்டதும் கடலில் குதித்துவிடுவார், பிறகு மீட்க வேண்டியவர்கள் ஒருவர் கூடிவிடுவார்கள் என்று பிறகு சொன்னார். தம்பியாரும் இப்போது அதை ஒத்துக்கொள்கிறார்: “நான் கட்டாயம் குதிச்சிருப்பன்.”

11.15க்குப் புறப்பட்டார்கள். 12.20க்கு வலை கிடந்த இடத்திலிருந்து மேற்கே தேடத் தொடங்கினார்கள். 1.35க்குக் காரைநகருக்கு நேர் வடக்கே, பெரியவரின் மகன் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டார். படகின் முதுகில் இரண்டு பேர்.

தூக்கிய விதம்

பையன் கையை அசைத்தான். சம்மாட்டிக்குப் பேச்சுக் குழறியது. எங்கள் கடல்நீர் குளிர்ந்த நீர் இல்லை என்று நாங்கள் நினைக்கிறோம். ஆனால் உடற்சூடு 37 பாகை, மார்கழிக் கடல் அதைவிடப் பத்துப் பாகை அளவில் குறைவு. தண்ணீர் காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டை இழுக்கும். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நனைந்து கிடந்தவருக்கு அது போதும்.

பெரியவரின் மகன் கக்கத்துக்குள் கை கொடுத்து நேராகத் தூக்கப் போனார். மீட்பாளர் கத்தி மறித்தார். ஒரு வலைப்படுக்கையைத் தண்ணீருக்குள் இறக்கி, ஆளை அதில் கிடையாகச் சேர்த்து, உருட்டினாற்போல் மேலே எடுத்தார்கள். நீண்ட நேரம் நீரில் இருந்தவரை நிமிர்த்தித் தூக்கினால் இரத்தம் காலுக்கு இறங்கி, இரத்த அழுத்தம் விழுந்து, இதயம் நின்றுவிடலாம். மீட்கப்பட்ட பிறகு படகிலேயே இறப்பவர்களில் சிலர் இப்படித்தான் இறக்கிறார்கள்.

இதை அவர் வகுப்பில் படித்தது பிறகுதான். முதலில் கற்றது கடற்படைக் காலத்தில். கடலில் கிடந்த ஒருவரைத் தானே நிமிர்த்தித் தூக்கினார். அந்த ஆள் படகின் தட்டில் உட்கார்ந்தபடி தண்ணீர் கேட்டார், இரண்டு வார்த்தை பேசினார், இறந்துபோனார். அது யார், எந்தப் பக்கத்து ஆள் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

படகிலேயே ஈர உடுப்பை வெட்டியெடுத்து, கம்பளியால் சுற்றி, படுத்தபடியே கொண்டுவந்தார்கள். இறங்குதுறையில் எங்கள் ஆட்கள் சாராயப் போத்தலோடு நின்றார்கள். காலைத் தேய்க்கவும் ஓடிவந்தார்கள். இரண்டுமே கூடாது. சாராயம் தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவந்து உள்சூட்டைக் குறைக்கும். தேய்த்தால் கைகாலில் தேங்கிய குளிர்ந்த இரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும். பையனுக்கு நல்ல நினைவு இருந்ததால் சீனி போட்ட தேத்தண்ணீர் கொடுத்தார்கள். சம்மாட்டிக்கு வைத்தியசாலை போகும்வரை வாயில் ஒன்றும் கொடுக்கவில்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

மூன்றாவது ஆள்

ஒருவன் நீந்திப் போய்விட்டான் என்பது 1.35க்குத்தான் தெரிந்தது. இருவரையும் காங்கேசன்துறையிலிருந்து வந்த இன்னொரு படகுக்கு மாற்றிவிட்டு, மீட்பாளர் அப்படியே திரும்பினார். நாலு மணிக்குப் படகு எங்கே இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, அங்கிருந்து நீரோட்டத்தோடு தேடினார். எங்கள் ஐந்து படகுகளும் சேர்ந்துகொண்டன. ஆறு மணிக்கு இருண்டது. அதன்பிறகும் ஒரு மணித்தியாலம் லைற் அடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாளும் தேடினோம். மூன்றாம் நாள் தீவுப்பக்கக் கரை ஒன்றில் உடல் ஒதுங்கியது. கான் கிடைக்கவில்லை.

அடக்கத்துக்கு அவர் சீருடை இல்லாமல், வெள்ளைச் சேட்டோடு வந்து சேமக்காலை மதிலோரம் நின்றார். மண்டபத்தில் அன்று கேள்வி கேட்ட அந்த அம்மாதான் அவரை உள்ளே கூட்டிப்போனார்.

பின்னர் மாறியவை

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சங்கம் கூடியது. அவரையும் அழைத்தோம். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், நேரத்தை மட்டும் வரிசையாக எழுதுவோம் என்றார். எழுதினோம். கரும்பலகையில் 6.30க்கும் 9.40க்கும் நடுவில் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துத் தம்பியார் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அவராகவே திரும்பி வந்தார்.

இப்போது படகு வர வேண்டிய நேரம் தாண்டி ஒரு மணித்தியாலம் ஆனால் அழைப்பு போகும். யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அனுமதிப்பத்திரம், எல்லை என்று எந்தக் காரணமும் சொல்லக்கூடாது. இறங்குகிற படகுகளின் நேரமும் ஆட்களின் தொகையும் ஒரு கொப்பியில் ஏறும். கடலில் எது கிடைத்தாலும், செருப்பென்றாலும், கிடைத்த இடத்தையும் நேரத்தையும் குறிக்காமல் கரைக்குக் கொண்டுவரக் கூடாது.

கவிழ்ந்த படகில் பிடிக்க ஒரு கயிறு இருந்திருந்தால் அந்த மூன்று பேருக்கும் இரவு வேறாக இருந்திருக்கும். ஒரு விளிம்பிலிருந்து அடிவழியாக மறுவிளிம்புக்கு, முடிச்சுப் போட்ட கயிறு கட்டுவதை அவர் காட்டித்தந்தார். செலவு குறைவு, அரை மணித்தியால வேலை. அங்கி விசயத்தில் அவ்வளவு வெற்றி இல்லை. இளம் பொடியன்கள் போடுகிறார்கள். வயதானவர்கள் படகில் வைத்துக்கொள்கிறார்கள், போடுவதில்லை. விசில் மட்டும் எல்லார் கழுத்திலும் தொங்குகிறது.

படகை விட்டு நீந்திப் போகக்கூடாது என்பதைச் சொல்வதுதான் கடினம். எங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் ஒரு பெருமை. கவிழ்ந்த படகு தூரத்திலிருந்து தெரியும், அலைக்குள் ஒரு தலை தெரியாது. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். சொல்லும்போது அந்தத் தாய் மண்டபத்தில் இருந்தால் என் குரல் தடுமாறுகிறது.

தன் பக்கத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று அவரிடமும் கேட்டேன். தேடல் தொடங்கும்போதே ஆள் தனியாகப் பிரிந்திருக்கலாம் என்று யோசித்துத்தான் பின்துண்டுக்கு எங்களை அனுப்பினாராம். ஆனால் நீந்தியவன் வெளிச்சத்தை நோக்கிக் குறுக்கே போயிருப்பான், அதனால் வரிசையை இன்னும் அகலமாகப் போட்டிருக்க வேண்டும் என்றார். பதக்கம் பெற்ற ஒருவர் நாற்பது தொழிலாளருக்கு முன்னால் நின்று இதைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்களும் தம் தவறுகளை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்கள்.

தாய் அன்று அவரிடம் ஒன்று கேட்டார்: “ஏழு மணிக்குச் சொல்லியிருந்தா என்ரை பிள்ளை இருந்திருப்பானோ?”

அவர் நிறைய நேரம் பேசாமல் இருந்தார். “எனக்குத் தெரியாது அம்மா. தேட இன்னும் மூன்று மணித்தியாலம் வெளிச்சம் கிடைத்திருக்கும்” என்றார்.

அடுத்த ஆவணியில் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வந்தது. புதிதாக வந்தவருக்குத் தமிழ் தெரியாது. பெரியவரின் பேத்தி சிங்களம் படித்தவள், அழைப்புப் போனால் அவள்தான் பேசுகிறாள். சுவரில் இருந்த பழைய நம்பருக்குக் கீழே புதிய நம்பரைப் பெயின்றால் எழுதியிருக்கிறோம். பழையதை அழிக்கவில்லை. இறங்குகிற படகுகளைக் குறிக்கிற கொப்பி, கரைக்கு ஆகக் கிட்ட இருக்கிற வீடு என்பதால், அந்தத் தாயின் வீட்டில் இருக்கிறது.